ஆவாரையும் கத்தரியும் பகிர்ந்துகொள்ளும் வண்டு

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் கிணற்றடியில் ஐந்து சென்ட் நிலத்தைச் சுற்றிலும் மேலேயும் பூச்சித் தடுப்பு வலை போட்டு ஒரு பந்தல் அமைத்தேன். அதற்கு முந்தைய இரண்டு பட்டத்திலும் கத்தரியில் காய்த்துளைப்பான் தாங்க முடியாத அளவுக்குப் போய், பறிக்கிற காயில் பாதியை மாட்டுக்குப் போட வேண்டியிருந்தது. மருந்தடிக்க மனம் வரவில்லை. வலைக்குள் பூச்சி நுழையாவிட்டால் மருந்துக்கு வேலையில்லை என்று கணக்குப் போட்டு, கத்தரியும் தக்காளியும் வைத்து, ஓரங்களில் பூசணியையும் புடலையையும் ஏற்றிவிட்டேன்.

செடிகள் செழித்து வளர்ந்தன. பூசணிக் கொடி இரண்டு மாதத்துக்குள் வலையின் ஒரு பக்கத்தையே மூடிவிட்டது. ஆனால் ஒவ்வொரு பெண் பூவின் அடியிலும் கோலிக்குண்டு அளவில் தெரிந்த பிஞ்சு, பூ வாடிய மூன்றாம் நாள் மஞ்சளித்து, ஐந்தாம் நாள் தொட்டால் விழும்படி வெம்பிப்போனது. தண்ணீர் கூடிவிட்டதோ, சத்துக் குறைவோ என்று நான் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தபோது, சாணம் கொட்ட வந்த பெரியம்மா வலையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, வண்டு நொழையாத எடத்துல பூ பூத்து என்ன பண்ணும்?" என்று கேட்டார். எட்டாம் வகுப்பில் பாடமாகப் படித்து மதிப்பெண்ணும் வாங்கிய செய்தியை நாற்பது வயதில் என் பெரியம்மாவின் வாயால் கேட்டுத்தான் புரிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து இருபத்தைந்து நாட்கள் நானே வண்டின் வேலையைச் செய்தேன். பூசணிப் பூ விடியலுக்கு முன்பே விரிந்து, வெயில் ஏறி பத்து, பதினோரு மணியாகும்போது சுருங்கிவிடும். அந்த ஒரு காலைதான் அதன் ஆயுள். ஆண் பூவைக் காம்போடு கிள்ளி, இதழ்களை உரித்துவிட்டு, நடுவில் மஞ்சள் பூசி நிற்கும் மகரந்தத் தண்டைப் பெண் பூவின் சூல்முடியில் எல்லாப் பிளவுகளிலும் படும்படி தடவ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தடவிவிட்டு அவசரமாக நகர்ந்த நாட்களின் காய்கள் ஒரு பக்கம் உப்பி, மறுபக்கம் சூம்பி வளர்ந்தன. அறுத்துப் பார்த்தால் சூம்பிய பக்கத்தில் விதைகள் பதராக இருந்தன. புடலையோ நரைத்த நூல் போன்ற வெள்ளை இதழ்களை அந்தி சாய்ந்த பிறகு விரிக்கிற பூ. அது விட்டில்களுக்காகப் பூப்பது. அதனால் மாலையில் கைவிளக்கோடு இன்னொரு முறை போனேன். இந்த உழைப்பைச் சம்பளம் வாங்காமல், ஒரு நாளும் தவறாமல் யாரோ இதுவரை செய்துகொண்டிருந்தார்கள் என்பதும், அவர்களை நான் வலை கட்டி வெளியே நிறுத்திவிட்டேன் என்பதும் முதுகு வலித்தபோதுதான் உறைத்தது.

பூசணிக்காவது கை உதவியது. கத்தரியில் கை தோற்றது, ஏனென்றால் கத்தரிப் பூ தன் மகரந்தத்தைத் திறந்து வைப்பதில்லை. ஊதா இதழ்களுக்கு நடுவே குவிந்து நிற்கிற மஞ்சள் குழல்கள்தான் மகரந்தப்பைகள். பெரும்பாலான பூக்களில் இந்தப் பைகள் நெடுக வெடித்துத் தூளை வெளியே விடும். கத்தரி, தக்காளி இனத்தில் தூள் உள்ளேயே அடைந்து கிடக்க, கத்தரிக் குழலின் நுனியில் ஊசி குத்தியது போன்ற துளை மட்டுமே இருக்கும். உப்புக் குப்பியைக் கவிழ்த்துக் குலுக்கினால்தான் உப்பு வரும் அல்லவா, அதுபோல இந்தப் பூவையும் குலுக்க வேண்டும். காற்றில் ஆடும்போது கொஞ்சம் கொட்டும், அதனால்தான் வலைக்குள்ளும் சில காய்கள் பிடித்தன. முழுமையாகக் குலுக்கத் தெரிந்தவை சில காட்டுத் தேனீக்கள்தாம். எங்கள் பக்கம் கருவண்டு என்று சொல்லப்படும் தச்சுத்தேனீயும், வயிற்றில் நீல வளையங்கள் போட்ட நீலப்பட்டைத் தேனீயும் பூவில் தலைகீழாகத் தொங்கி, குழல்களைக் கால்களால் கட்டிப்பிடித்து, சிறகை மடக்கி வைத்துக்கொண்டு, பறப்பதற்கான தசைகளை மட்டும் அதிரவிடும். அந்த நொடியில் எழும் ஒலி பறக்கும்போது வரும் ரீங்காரத்தைவிட மேலான சுருதியில், விட்டுவிட்டுக் கேட்கும். ஒருமுறை கேட்டுப் பழகிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டே, தோட்டத்தில் எந்த வண்டு பறக்கிறது, எது பூவில் வேலை செய்கிறது என்று சொல்லிவிடலாம்.

அண்ணன் மகள் பள்ளி ஆய்வகத்திலிருந்து அனுமதி வாங்கி ஓர் இசைக்கவை எடுத்து வந்திருந்தாள். அதை ரப்பர் கட்டையில் தட்டி, அதிர்கிற நுனியைக் கத்தரிப் பூவின் குழலில் வைத்தபோது, கீழே நாங்கள் பிடித்திருந்த கறுப்புத் தாளில் மஞ்சள் தூள் புகை போல இறங்கிப் படிந்தது. தட்டாமல் வைத்துப் பார்த்தோம். ஒரு துகள்கூட விழவில்லை. இத்தனை ஆண்டுகள் கத்தரி பயிரிட்ட குடும்பத்தில், கத்தரிப் பூவின் தாது எப்படி இருக்கும் என்று நாங்கள் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

தோட்டத்தில் ஒரு தேனீப் பெட்டி வைத்தால் தீர்ந்துவிடும் என்று அறிந்தவர் ஒருவர் யோசனை சொன்னார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான், பூசணிக்கும் வெள்ளரிக்கும் அது பயன்படும். ஆனால் பெட்டித் தேனீக்கு இந்த அதிர்வு வித்தை தெரியாது. அது கத்தரிப் பூவுக்கு வந்தாலும், வேறொரு வண்டு குலுக்கி இதழில் சிந்திவிட்டுப் போனதைப் பொறுக்கிக்கொண்டு போகும், அவ்வளவே. ஐரோப்பாவில் கண்ணாடிக் கூடங்களில் தக்காளி பயிரிட்டவர்கள் நெடுங்காலம் மின் அதிர்வுக் கருவியைப் பூங்கொத்தாகத் தொட்டுக்கொண்டு போனார்கள். 1980களின் பிற்பகுதியில் பம்பிள் தேனீக்களை வளர்த்துக் கூடங்களுக்குள் விடத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கூலி வேலை ஒழிந்தது. அந்தத் தேனீ குளிர்நாட்டுக்கு உரியது. நம் நாட்டில் இமயமலைப் பக்கம் உண்டு, நம் சமவெளியில் இல்லை. இங்கே அந்த வேலை கருவண்டுக்கும் நீலப்பட்டைக்கும் உரியது, அவற்றைப் பெட்டியில் வாங்க முடியாது.

அப்படியானால் கத்தரி பூக்காத மாதங்களில் இந்தத் தேனீக்கள் எதைத் தின்று உயிர் வாழ்கின்றன? அடுத்த ஓராண்டு நான் தேடியது இதற்கான விடையைத்தான், அது எங்கள் வரப்பிலேயே இருந்தது. தாராபுரத்துக்கும் மூலனூருக்கும் இடைப்பட்ட வறண்ட பூமியில் எங்கள் நிலம் இருக்கிறது. கிளுவை வேலியும் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலமும் உள்ள பகுதி. வேலி ஓரத்து ஆவாரையை உற்றுப் பார்த்தேன். அதன் மகரந்தப்பைகளும் நுனித் துளை வழியாகவே தூளை விடுகின்றன, அந்தப் பூவிலும் தேன் கிடையாது, அங்கேயும் அதே கருவண்டு அதே ஒலியோடு தொங்கிக்கொண்டிருந்தது. பாதையோரத்துக் கண்டங்கத்தரி, கிளுவையில் படர்ந்த தூதுவளை, வாய்க்கால் மேட்டுச் சுண்டை, இவை எல்லாமே கத்தரியின் பங்காளிகள், எல்லாவற்றின் பூவும் குலுக்கினால் மட்டுமே தாது கொடுக்கும். பொங்கலுக்குக் காப்புக் கட்ட வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் ஆவாரம்பூவை ஒடித்து வருகிற நாங்கள், கத்தரிக்கு வருகிற வண்டுக்கு ஆண்டு முழுவதும் சோறு போடுவது அந்தச் செடிதான் என்பதை அறியாமலே இருந்திருக்கிறோம். பட்டம் மாறி மாறிப் பயிர் வரும், போகும்; வரப்புச் செடி அங்கேயே நிற்கும். அது நிற்கிற வரைதான் கத்தரிக்கு வண்டு வரும்.

இந்த இடத்தில் என் மனத்தை உறுத்துகிற ஒன்றைச் சொல்ல வேண்டும். தேனீக்களைக் காப்போம் என்று யார் பேசினாலும் நம் கண் முன் வருவது தேன் பாட்டில். உலகில் 20,000-க்கு மேற்பட்ட தேனீ இனங்கள் உண்டு. அவற்றில் அடையில் தேன் சேர்க்கிற ஏபிஸ் வகையைச் சேர்ந்தவை பத்தை ஒட்டியவை. நம் ஊரில் நாம் தேன் எடுப்பது மலைத்தேனீ, அடுக்குத் தேனீ, கொம்புத்தேனீ, கொசுத்தேனீ, பின்னர் வந்த இத்தாலியத் தேனீ ஆகியவற்றிடமிருந்து. மற்றவை பெரும்பாலும் ராணியும் இல்லாமல், கூட்டமும் இல்லாமல், ஒரே ஒரு தாய் ஒரே ஒரு பொந்தில் முட்டை வைத்துத் தனியாக வாழ்பவை. அவற்றால் நமக்குத் தேன் கிடைப்பதில்லை என்பதால் நம் பேச்சு வழக்கில் அவற்றுக்குத் தனித்தனிப் பெயர்கூட இல்லை. எல்லாம் வண்டு என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன.

தேனும் மகரந்தச் சேர்க்கையும் ஒன்றல்ல என்பதற்குக் கன்னியாகுமரி மாவட்டத்தைவிட நல்ல சான்று கிடையாது. மார்த்தாண்டம் பக்கம் எடுக்கப்படும் தேனின் பெரும் பகுதி ரப்பர் மரத்திலிருந்து வருகிறது. இலையுதிர்ந்து புதுத் தளிர் வரும் காலத்தில், மூன்று சிற்றிலைகளும் சேரும் இடத்தில் உள்ள சிறு சுரப்பிகளில் இனிப்பு நீர் ஊறும். தேனீக்கள் அதை எடுத்துத்தான் அடையை நிரப்புகின்றன. அங்கே பூவும் இல்லை, தாதும் இல்லை, காய்ப்பும் இல்லை. தேனீ வளர்ப்போருக்கு அது வாழ்வாதாரம், நான் மதிக்கிற தொழில். ஆனால் தேன் மிகுதியாகக் கிடைப்பதை வைத்து ஒரு வட்டாரத்தில் மகரந்தச் சேர்க்கை நன்றாக நடக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. அதே மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற நச்சுயிரி நோய் புகுந்து, அடுக்குத் தேனீக் குடும்பங்களைப் பெட்டி பெட்டியாக அழித்தது. தென்னிந்தியா முழுவதும் பத்தில் ஒன்பது குடும்பங்களுக்கு மேல் மாண்டன. ஒரே இனத்தை மட்டும் நம்பியிருந்தால் ஒரு நோய் போதும், தோட்டங்களில் பூக்கள் வெறுமனே உதிர்வதற்கு.

தேனீ அழிந்தால் நான்கே ஆண்டுகளில் மனிதன் அழிவான் என்று ஐன்ஸ்டீன் சொன்னதாக ஒரு வாசகம் ஆண்டுதோறும் உலகத் தேனீ நாளான மே 20 வந்தால் கைப்பேசிகளில் வலம் வருகிறது. அவர் அப்படிச் சொன்னதற்கு எந்தச் சான்றும் இல்லை, செய்தியும் சரியில்லை. நெல்லும் கம்பும் சோளமும் கேழ்வரகும் காற்றாலோ தன் பூவின் தாதாலோ மணி பிடிக்கின்றன. வண்டு ஒழிந்தாலும் அவை விளையும். பல்லுயிரியம் குறித்த பன்னாட்டு அரசுகளின் அறிவியல் அமைப்பு 2016இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகின் முதன்மையான உணவுப் பயிர் வகைகளில் 75 விழுக்காட்டுக்கு மேல் ஏதோ ஓரளவில் விலங்குகளின் மகரந்தச் சேர்க்கையை நம்பியுள்ளன. ஆனால் எடைக் கணக்கில் அவை நேரடியாகத் தரும் விளைச்சல் 5 முதல் 8 விழுக்காடுதான். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படித்தால்தான் உண்மை விளங்கும். பானையில் சோறு இருக்கும். அதற்குத் தொட்டுக்கொள்ளப் பூசணியும் பாகலும் பீர்க்கும் குறையும், மாம்பழம் குறையும், எள்ளெண்ணெய் குறையும், ஏலக்காய் போதாமல் போகும். காய்கறியும் பழமும் விலையேறினால் முதலில் அவற்றை நிறுத்துவது கூலிக்குப் போகிற வீடுதான். பயமுறுத்துவதற்காகப் பொய்யைப் பரப்புவதைவிட இதைச் சொல்வது போதும் என்று நினைக்கிறேன். இதுவே எனக்குப் போதிய கவலையைத் தருகிறது.

பூச்சியின் வேலையை மனிதன் செய்த கதைகளில் என்னைப் பெரிதும் பாதித்தது மலேசிய எண்ணெய்ப் பனையின் கதை. ஆப்பிரிக்காவிலிருந்து மரத்தைக் கொண்டுபோய் நட்டவர்கள் அதன் பூச்சியைக் கொண்டுபோகவில்லை. காற்றே தாதைச் சுமக்கும் என்று நம்பினார்கள். குலைகள் சரியாகப் பிடிக்காத தோட்டங்களில், டால்கம் தூளில் கலந்த மகரந்தத்தைப் பெண் பூங்கொத்துகளின் மேல் ஊதிக்கொண்டு மரம் மரமாகத் தொழிலாளர்கள் நடந்தார்கள். அன்றைய தோட்டத் தொழிலாளர்களில் கணிசமானோர் நம் ஊர்களிலிருந்து போன குடும்பங்களின் பிள்ளைகள். முள் நிறைந்த பனைகளுக்கு நடுவே நாள் முழுவதும் நடந்து அவர்கள் செய்த வேலையைக் கேமரூன் காடுகளில் ஒரு கூன்வண்டு செய்துகொண்டிருக்கிறது என்பதைப் பூச்சியியலாளர் ரஹ்மான் சையது ஆராய்ந்து காட்டினார். நெல்மணியைவிடச் சிறிய வண்டு அது. ஆண் பூங்கொத்தில் முட்டையிட்டுக் குடும்பம் நடத்தும். பெண் பூங்கொத்தும் அதே சோம்பு வாசனையை வீசுவதால் ஏமாந்து அங்கும் போய்த் தாதை உதறிவிட்டுத் திரும்பும். வேறு பயிர்களைத் தாக்காது என்று சோதித்து உறுதி செய்த பிறகு, 1981இல் ஜொகூர் மாநிலத் தோட்டமொன்றில் அதை அவிழ்த்துவிட்டார்கள். கொஞ்ச காலத்திலேயே தீபகற்பம் முழுவதும் பரவியது. ஊதும் வேலையே இல்லாமல் போனது.

நம் ஊரில் இந்த நிலை இன்னும் வரவில்லை என்று சொல்லவும் முடியாது. சூரியகாந்தி பூக்கும்போது காலை ஒன்பது மணி முதல் பதினொரு மணிக்குள் மெல்லிய துணியால் பூவின் முகத்தைத் தேய்த்துவிடும்படி வேளாண் பரிந்துரையே உள்ளது. பொள்ளாச்சிப் பக்கம் வெனிலா பயிரிட்டவர்கள் ஒவ்வொரு பூவையும் குச்சியால் திறந்து கையால் சேர்த்தார்கள். அந்தக் கொடியின் பூச்சி மெக்சிகோவில் இருக்கிறது.

வண்டு என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை பேர் அடங்கியிருக்கிறார்கள் என்று எண்ணத் தொடங்கினால் முடிவதில்லை. மாம்பூவுக்குப் பெரிதும் உதவுபவை நாம் விரட்டுகிற ஈக்கள். இலுப்பைப் பூவுக்கு இரவில் வௌவால் வருகிறது. அத்தியின் பூக்களோ காய்க்குள்ளேயே மறைந்திருக்க, அதற்கென்றே படைக்கப்பட்டது போன்ற ஒரு சிறு குளவி துளை வழியே நுழைந்து உள்ளே தாதைச் சேர்க்கிறது. அத்தி பூத்ததைப் போல என்று நாம் சொல்வது கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூவை வைத்துத்தான்.

எங்கள் தோட்டத்தில் எனக்கு மிக நெருக்கமாகிவிட்டது இலைவெட்டித் தேனீ. துவரையிலும் வீட்டு ரோஜாவிலும் இலையின் ஓரத்தில் காம்பஸ் வைத்து வரைந்தாற்போல வட்டமாக வெட்டப்பட்டிருந்தால் அது இந்தத் தேனீயின் வேலை. பெண் தேனீ இலையின் மேல் உட்கார்ந்து, தன் உடலையே அச்சாக வைத்துச் சுழன்று, சில நொடிகளில் ஒரு துண்டை நறுக்கி, அதைச் சுருட்டி வயிற்றுக்குக் கீழே அணைத்துக்கொண்டு பறக்கும். சுவர் ஓட்டையிலோ, காய்ந்த தண்டின் குழலிலோ, சில வீடுகளில் சாவித் துவாரத்திலோ அந்த இலைகளைப் பீடி சுற்றுவது போலச் சுற்றி அறை கட்டி, தாதும் தேனும் பிசைந்த உருண்டையை வைத்து, அதன்மேல் ஒரு முட்டையிட்டு மூடும். இலையைத் தின்கிற புழு என்று நினைத்து இதற்கு மருந்தடிப்பவர்கள் உண்டு. போன வருடம் வரை நானும் ரோஜாவுக்கு வேப்பெண்ணெய் தெளித்தேன். ஆனால் துவரம் பூவின் மூடிய இதழ்களை அழுத்தித் திறப்பவை இந்தத் தேனீக்கள்தாம். ஐதராபாத் அருகே படாஞ்சேருவில் உள்ள இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய வீரிய ஒட்டுத் துவரையில், சொந்தத் தாது இல்லாத ஆண்மலட்டுச் செடிகளுக்குத் தாதைக் கொண்டுவந்து விதை பிடிக்க வைப்பவையும் இவை போன்ற தேனீக்களே.

இவற்றுக்கு நாம் செய்கிற பெரிய கேடு மருந்து மட்டும் என்று முன்பு நினைத்திருந்தேன். மருந்து பெரிய கேடுதான்: விதை நேர்த்தியாகவும் தெளிப்பாகவும் பயன்படும் இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சாம் போன்றவை செடியின் சாறெங்கும் பரவித் தாதுக்கும் தேனுக்கும் வந்துவிடுகின்றன, ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இவற்றைத் திறந்தவெளிப் பயிர்களில் தடை செய்ததற்குத் தேனீக்களே காரணம். காலையில் பூ விரிந்திருக்கும் நேரத்தில் தெளிப்பது இன்னும் மோசம். ஆனால் வீட்டை இடிப்பதும் கொல்வதற்குச் சமம். தச்சுத்தேனீக்குக் காய்ந்த மரமும் மூங்கிலும் பனைமட்டையும் வேண்டும். நீலப்பட்டைக்கு உழப்படாத வரப்பு மண்ணோ பழைய மண்சுவரோ வேண்டும். கூரை வீடுகள் தார்சுக் கட்டடங்களாகிவிட்டன, மண்சுவர்கள் போய்விட்டன. எஞ்சியிருந்த வரப்பையும் எலி வளை என்று வெட்டிச் சீவி, ஆளுக்கூலி மிச்சமென்று களைக்கொல்லி தெளித்து, சிவந்த மண்ணாக வைத்திருக்கிறோம். சுத்தமான வரப்பு நல்ல விவசாயியின் அடையாளம் என்று என் தந்தை நம்பினார். அவர் உழைப்பின் மேல் எனக்கு மாறாத மரியாதை உண்டு. இந்த ஒன்றில் மட்டும் அவரிடமிருந்து விலக வேண்டியதாயிற்று.

வலையைப் பிரித்துவிட்டேன். காய்த்துளைப்பானுக்கு இனக்கவர்ச்சிப் பொறி வைக்கிறேன், வாடிய நுனித் தண்டுகளை வாரம் இருமுறை கிள்ளி எரிக்கிறேன். சேதம் இன்னும் இருக்கிறது, முன்பைவிடக் குறைவு. தவிர்க்க முடியாமல் எதையாவது தெளித்தால் பொழுது சாய்ந்த பிறகுதான். வடக்கு வரப்பில் மூன்று முழ அகலத்துக்கு மண்வெட்டி போடுவதில்லை. அங்கே ஆவாரையும் துத்தியும் தும்பையும் கண்டங்கத்தரியும் தாமாக வந்தன, நான் எதையும் நடவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் முதலில் களை பரவும் என்று வருத்தப்பட்டார். அவருடைய முருங்கையில் கருவண்டு மொய்ப்பதைக் காட்டிப் பேசிய பிறகு, தன் பக்கத்து வரப்பையும் ஒரு பட்டத்துக்கு விட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு மாலை அந்த வரப்பில் காய்ந்த தும்பைத் தண்டொன்றில் ஏழு நீலப்பட்டைத் தேனீக்கள் வரிசையாகத் தூங்குவதைப் பார்த்தேன். அவை ஆண்கள், கூடு கிடையாது, ஆகவே இருட்டும் நேரத்தில் ஒரு தண்டைத் தேர்ந்து, தாடையால் கவ்விக்கொண்டு, கால்களை மடக்கி அப்படியே உறங்கிவிடும். பல நாட்கள் அதே தண்டுக்குத் திரும்பி வந்தன. இப்போது மாட்டுக் கொட்டகையின் கூரையை மாற்ற ஆள் வந்திருக்கிறது. பனஞ்சட்டங்களில் ஒன்றில் விரல் நுழையும் அளவுக்கு வட்டமாக நான்கு துளைகள் உள்ளன, அடியில் தினமும் மரத்தூள் கொட்டுகிறது. அந்தச் சட்டத்தை மட்டும் எரிக்காமல் கொட்டகையின் தெற்குச் சுவரில், இறவாணத்துக்குக் கீழே மழை படாமல் கட்டித் தரும்படி மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறேன். ஆணி அடித்தால் உள்ளே அதிரும் என்று அவர் தயங்க, அம்மா தேங்காய் நார்க் கயிறு எடுத்துக் கொடுத்தார்.